வாசகர் கேள்வி பதில்: பழைய பிக்கப்பும் புதிய தகடும்

கேள்வி: 1951ஆம் ஆண்டின் செவர்லே 3100 பிக்கப் ஒன்றைப் புதுப்பித்து வருகிறேன். கேபினின் தரைத்தகடும், கதவுக்குக் கீழுள்ள படித்தகடும், பின்மூலைகளும் துருவேறி உதிர்ந்துவிட்டன. அக்கால வடிவிலேயே இப்போது செய்து விற்கும் தகடுகளை வாங்கினேன். வைத்துப் பார்த்தால் கால் அங்குலம் வரை தள்ளி நிற்கின்றன. தகடு தவறா, என் வேலை தவறா?

பதில்: இரண்டுமே ஓரளவு காரணமாக இருக்கலாம். மறு உற்பத்தித் தகடுகள் பெரும்பாலும் தொழிற்சாலையின் பழைய அச்சில் அடிக்கப்பட்டவை அல்ல. அதனால் மடிப்புகளின் கூர்மை சற்று மழுங்கியும், துளைகள் இடம் மாறியும் வருவது சகஜம். மறுபுறம், படித்தகடு இற்றுப்போன கேபின் தன் எடையாலேயே தொய்ந்திருக்கும். தொய்ந்த கேபினுக்குச் சரியான தகடும் பொருந்தாது. ஆகவே வெட்டுவதற்கு முன்பே கதவுகளை மாட்டி, இடைவெளிகள் சீராக வரும்வரை கேபினை முட்டுக்கொடுத்து நிமிர்த்தி, கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்டுங்கள். இரு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டி எறிந்தவர்கள், பழைய தகடு எங்கே நின்றது என்று காட்ட ஒன்றுமில்லாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். கழற்றிய துருத்தகட்டை, வண்ணம் பூசி முடியும்வரை பழைய இரும்புக்குப் போடாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஒரே உண்மையான அளவுகோல் அதுதான்.

தகட்டின் மேலுள்ள கறுப்புப் பூச்சு பல நேரங்களில் அனுப்பும் வழியில் துருப்பிடிக்காமல் இருப்பதற்கானது மட்டுமே. பற்றவைக்கும் இடத்தில் அதை முழுவதும் நீக்கிவிடுங்கள்.

பெட்டியில் ‘1947 முதல் 1955 வரை’ என்று அச்சிட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். இந்த வரிசையில் 1951இல் கதவுக்கு முக்கோணச் சிறு கண்ணாடி வந்தது. 1952இல் திருகும் கைப்பிடி போய் அழுத்தும் பொத்தான் வந்தது. 1954இல் முகப்புக் கிராதியே மாறியது. கதவு ரப்பரும் கைப்பிடியும் வாங்கும்போது உங்கள் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். புதிய ரப்பர் தடிப்பாக இருந்து கதவு சாத்த மறுத்தால், அவசரப்பட்டுக் கீலை வளைக்காமல் சில வாரங்கள் சாத்தியே வைத்திருங்கள். இவை மூட்டை சுமக்கச் செய்த வண்டிகள். இன்றைய காரின் இடைவெளிகளை இவற்றில் எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல.

கேள்வி: துணியுறை போட்ட அக்கால ஒயரிங்கை மாற்றிய பிறகு, ஆறு வோல்ட் பேட்டரியில் செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது. பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் நோய் அதுவல்ல என்றே நினைக்கிறேன். அதே திறனுக்கு ஆறு வோல்ட்டில் இருமடங்கு மின்னோட்டம் ஓட வேண்டும்; 45 வாட் விளக்கு ஒன்று பன்னிரண்டு வோல்ட்டில் 3.75 ஆம்பியர் எடுத்தால், ஆறு வோல்ட்டில் 7.5 ஆம்பியர் எடுக்கும். செல்ஃப் மோட்டாருக்கோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் தேவை. இன்றைய கார்களுக்கான மெல்லிய பேட்டரி கேபிளைப் போட்டிருந்தால், வலுவில் ஒரு பங்கு கேபிளிலேயே வெப்பமாகக் கரைந்துவிடும். விரல் பருமனுள்ள கேபிளைப் போடுங்கள். அடுத்து, புதுப்பித்த வண்டிகளுக்கே உரிய ஒரு கோளாறு உண்டு: சேஸிஸையும் எஞ்சினையும் பளபளவென்று பெயின்ட் அடித்தபோது எர்த் பிடிக்கும் இடங்களும் மூடிப்போயிருக்கும். அவ்விடங்களை வெற்று உலோகம் தெரியும்வரை சுரண்டி முடுக்கிய பிறகும் சோம்பல் தீரவில்லையென்றால் மட்டும் வோல்ட்டேஜைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: பெட்டி பிரிக்காத அசல் பிரேக் வீல் சிலிண்டர்கள் (சக்கரத்துக்குள் பிரேக்கை அழுத்தும் சிறு உருளைகள்) கிடைத்துள்ளன. மறு உற்பத்தியைவிட அவற்றைப் போடுவதுதானே மேல்?

பதில்: இங்கே மட்டும் அசலின் மீதுள்ள ஆசையை விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிடும். இந்த வண்டியில் எல்லாச் சக்கரங்களின் பிரேக்கும் ஒரே எண்ணெய்க் குழாய்த் தொடரில் இயங்குவதால், ஒரு சிலிண்டர் கசிந்தாலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். சிலிண்டர், ஹோஸ், குழாய் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். பழைய லைனிங்கை (பிரேக்கில் உராயும் பட்டையை) கழற்றும்போது காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள். அக்கால லைனிங்கில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.