போக எட்டு மணி, திரும்ப ஏழு மணி: எது சரி?

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் 5,540 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்கிறார்கள். அப்படியானால் ஆறு மணி நேரத்தில் போய்விடலாமே? டிக்கெட்டில் போக எட்டு மணி நேரம், திரும்ப ஏழு மணி நேரம் என்றிருக்கிறது. எதை நம்பித் திட்டமிடுவது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். உங்கள் வகுத்தலில் தப்பில்லை, காற்றைத்தான் விட்டுவிட்டீர்கள்.

முதலில் தூரம். 5,540 கி.மீ. என்பது ஹீத்ரூவுக்கும் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழி. ஓர் உலக உருண்டையில் இரண்டு ஊர்களையும் நூலால் இழுத்துப் பிடித்தால், நூல் அயர்லாந்து, நியூஃபவுண்ட்லாந்து பக்கமாகப் போகும். தட்டை வரைபடத்தில் இதே பாதை வடக்கே வளைந்த வில்லாகத் தெரியும். அதைச் சுற்றுவழி என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் நீங்கள் சொன்ன 900 கி.மீ. என்பது விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்டுப் போகிற வேகம். வட அட்லாண்டிக்கின் மேலே, விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற காற்றோட்டம் ஓடுகிறது. அது சராசரியாக 100 கி.மீ. வேகத்தில் எதிரே வீசுகிறது என்று வையுங்கள். தரைக்கணக்கில் உங்கள் வேகம் 800 ஆகிவிடும். போக 6 மணி 55 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். வேகம் 1,000, நேரம் 5 மணி 32 நிமிடம். இத்துடன் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது என ஏறக்குறைய ஒரு மணி நேரம் சேருங்கள். டிக்கெட்டில் உள்ள எட்டுக்கும் ஏழுக்கும் பக்கத்தில் வந்துவிடுகிறது, இல்லையா? நிறுவனங்கள் தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதல் நேரமும் வைத்துத்தான் அட்டவணை போடுகின்றன.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது, ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. காற்று என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அப்புறம், பலர் தடுமாறுகிற இடம் கடிகாரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர் நேரம், சேரும் நேரம் இந்த ஊர் நேரம். நியூயார்க்கில் இரவு 9 மணிக்கு ஏறி லண்டனில் காலை 9 மணிக்கு இறங்கினால், பன்னிரண்டு மணி நேரம் பறந்ததாகப் பயப்பட வேண்டாம். நேர வித்தியாசம் ஐந்தைக் கழித்தால் ஏழுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மார்ச் மாதத்தில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் இரு நாடுகளும் வெவ்வேறு நாட்களில் கடிகாரத்தை மாற்றுவதால் வித்தியாசம் நான்கு மணி நேரமாகிவிடும். உங்கள் பயணம் அந்த நாட்களில் என்றால் ஐந்துக்குப் பதில் நான்கைக் கழியுங்கள்.