ஓஜாவின் வாசலில் விசுவாசிகள்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபை ஜார்க்கண்டில் சந்தால் பழங்குடியினர் வாழும் சந்தால் பர்கானாவில் ஒரு பணித்தளத்தைப் பல வருடங்களாகத் தாங்கி வருகிறது. சென்ற மாதம் வாலிபர் குழுவாகப் போய்ப் பத்து நாள் தங்கினோம். பாட்டும் ஜெபமும் நெஞ்சை நிறைத்தன. ஆனால் ஞானஸ்நானம் பெற்று ஏழெட்டு வருடமான ஒரு குடும்பம், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும் எங்களோடு ஜெபித்துவிட்டு, இருட்டியபின் குறிபார்த்து வைத்தியம் செய்யும் ஓஜாவிடம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அங்குள்ள ஊழியர், "விசுவாசம் இன்னும் வேர்பிடிக்கவில்லை, இன்னும் பிரசங்கிக்க வேண்டும்" என்றார். வரும் ஜூனில் இரண்டு வருடத்துக்கு நானும் அங்கே போகிறேன். பயிற்சி வகுப்பில் 'உலகக் கண்ணோட்டம்' என்று அடிக்கடி சொல்கிறார்கள். இது வேதத்துக்கு மேலே மானுடவியலை வைப்பதாகிவிடாதா? போனதும் நான் முதலில் செய்ய வேண்டியது என்ன?

அ. ஜெ., தூத்துக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் 'இருட்டியபின்' என்பது. பகலில் ஜெபம், இருட்டியபின் ஓஜா. அந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரு கேள்வி இருந்திருக்கிறது. அதை உங்களிடம் கேட்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முதலில் காய்ச்சலைப் பேசிவிடுவோம். அது பால்சிபாரம் என்னும் கடுமையான வகை மலேரியா உள்ள பகுதி. சிறு குழந்தைக்கு அது ஓரிரு நாளில் மூளைவரை போகக்கூடும். ஆகவே காய்ச்சல் என்றால் அன்றே சகியாவிடம் போக வேண்டும். கிராமச் சுகாதாரப் பணியாளரான ஆஷாவுக்கு ஜார்க்கண்டில் அதுதான் பெயர். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்தால் இருபது நிமிடத்தில் முடிவு தெரியும். உபவாச ஜெபம் இதற்கு மாற்றாகாது.

ஆனால் மாத்திரை கொடுத்து, "கொசு கடித்ததால் வந்தது" என்று விளக்கிய பிறகும் தாயின் கேள்வி அப்படியே நிற்கும். கொசு எல்லாப் பிள்ளைகளையும்தான் கடித்தது, என் பிள்ளைக்கு ஏன்? இப்போது ஏன்? யார் செய்தது? ஓஜா சால் இலையில் கடுகெண்ணெய் தடவி, அதில் தெரிவதைப் பார்த்து, எந்தப் போங்கா, அதாவது எந்த ஆவி, கோபித்தது, யார் கண் பட்டது என்று இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார். பதில் தவறாக இருக்கலாம், ஆனால் கேள்வியை உட்கார்ந்து கேட்டவர் அவர் ஒருவரே.

தெலுங்கு நாட்டில் மகபூப்நகர்ப் பக்கம் மிஷனெரியாக இருந்த மானுடவியலாளர் பால் ஹீபர்ட், 1982-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வெற்றிடத்தைச் சுட்டினார். மேல்தளத்தில் கடவுள், மோட்சம், நித்தியம். கீழ்த்தளத்தில் விதை, உரம், கொசு, மருந்து. இரண்டுக்கும் நடுவே முன்னோர், ஆவி, கண்ணேறு, சூனியம், நல்ல நேரம் என்று ஒரு தளம். மேற்கத்திய மிஷனெரி மேல்தளத்துக்குச் சபையும் கீழ்த்தளத்துக்கு மருத்துவமனையும் கட்டினார். நடுத்தளம் இருப்பதே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் அது பழைய கைகளிலேயே இருந்துவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இந்தக் குருட்டுத்தனம் இல்லை. நம் ஊரில் திருஷ்டி சுற்றிப் போடாத தெரு எது? நமக்கு வரும் ஆபத்து நேர் எதிரானது. எல்லாக் காய்ச்சலும் பிசாசு, எல்லாப் போங்காவும் பேய் என்று ஒரே மூச்சில் சொல்லி, ஓஜாவைவிட வலுவான ஓஜாவாக ஊழியர் போய் அமர்ந்துவிடுவது. ஜெபித்த எண்ணெயும், கட்டிக் கொடுத்த வசனச் சீட்டும், 'பாஸ்டர் கை வைத்தால் போய்விடும்' என்ற பேச்சும் வந்துவிட்டால் ஆள் மாறியிருக்கிறார், கண்ணோட்டம் மாறவில்லை. அந்த ஜெபம் பலிக்காத அன்றைக்கு அவர்கள் வேறு வலுவான ஆளைத் தேடிப் போவார்கள்.

'போங்கா' ஒரே வகையும் அல்ல. ஜாஹேர் என்னும் சால்மரத் தோப்பில் ஊருக்குப் பொதுவானவை உண்டு. ஊரை நிறுவிய முதல் தலைவரின் ஆவியாக மாஞ்ஜி ஹாராம் உண்டு. வீட்டுப் போங்காவின் பெயரைத் தகப்பன் மூத்த மகனுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிவைப்பார். முன்னோர் வேறு, தீங்கு செய்யும் என்று அவர்களே அஞ்சி ஒதுங்குகிறவை வேறு. எல்லாவற்றையும் 'பிசாசு' என்ற ஒரே சொல்லில் அடைத்தால், இறந்துபோன தன் பாட்டனைப் பிசாசு என்கிறீர்கள் என்றுதான் அந்த மனிதர் கேட்பார். அதன்பின் நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது.

வேதமா, மானுடவியலா என்று கேட்டீர்கள். அப்போஸ்தலர் 14-ஆம் அதிகாரத்தை இந்தக் கேள்வியோடு மறுபடி வாசியுங்கள். லீஸ்திராவில் சப்பாணி எழுந்து நடக்கிறான். ஜனங்கள் உடனே பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் சொல்கிறார்கள். அவர்கள் கண்டது அற்புதத்தைத்தான். அதை விளங்கிக்கொண்டது தங்கள் பழைய கண்ணோட்டத்தில். லூக்கா இன்னொரு விவரமும் தருகிறார்: அவர்கள் கத்தியது லிக்கவோனியா பாஷையில். கிரேக்கு பேசிய அப்போஸ்தலர்களுக்கு நடப்பது என்னவென்று உறைத்ததோ எருதுகளும் பூமாலைகளும் வந்து சேர்ந்த பிறகுதான். இந்தியில் பிரசங்கிக்கும் தமிழ் ஊழியருக்கும், தங்களுக்குள் சந்தாலியில் பேசிக்கொள்ளும் ஊராருக்கும் நடுவே இருப்பது அதே தூரம். மூன்று அதிகாரம் கழித்து அத்தேனேயில் பவுல் முதலில் சுற்றி நடந்து, அவர்களுடைய பலிபீடங்களைக் கவனித்துப் பார்த்துவிட்டுத்தான் மேடையில் வாய் திறக்கிறார்.

இந்தியைப் புழக்கத்துக்காகக் கற்றுக்கொள்ளுங்கள்; பஸ்ஸுக்கும் அலுவலகத்துக்கும் வேண்டும். ஆனால் அந்த மண்ணில் அது திக்குவின் மொழி. வெளியிலிருந்து வந்து கடன் கொடுத்து நிலத்தைப் பிடுங்கியவர்களுக்குச் சந்தால்கள் வைத்த பெயர் திக்கு. 1855-ல் சித்து, கானு தலைமையில் அவர்கள் எழுந்தது அந்த வட்டிக்கடைக்காரர்களையும் ஜமீன்தார்களையும் கம்பெனி ஆட்சியையும் எதிர்த்துத்தான். சந்தாலி முண்டா குடும்பத்து மொழி, நமக்கு உறவில்லாதது. சொல்லின் முடிவில் காற்றை வெளியே விடாமல் தொண்டையில் நிறுத்தும் மெய்கள் உண்டு. அப்படி நிறுத்திச் சொன்னால் 'தாக்' தண்ணீர். நிறுத்தாமல் உயிர் சேர்த்து நீட்டினால் 'தாகா' சோறு. இதற்கு மட்டும் இரண்டு மாதம் காதைப் பழக்க வேண்டியிருக்கும்.

ஒரு இடத்தில் நமக்கு அனுகூலம். நாம், நாங்கள் என்ற வேறுபாடு இந்தியில் இல்லை, சந்தாலியில் உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் 'ஆபோ', விட்டுவிட்டால் 'ஆலே'. 'எங்கள் பிதாவே' என்று ஜெபித்து வளர்ந்த தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரசங்கத்தில் 'பாவிகளாகிய ஆபோ' என்கிறீர்களா, 'இரட்சிக்கப்பட்ட ஆலே' என்கிறீர்களா என்பதை ஊர் உன்னிப்பாகக் கேட்கும். இலக்கணத்தில் சூரியனும் சந்திரனும் உயிருள்ளவற்றோடு சேரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணோட்டம் ஓஜாவின் இலையில் மட்டும் இல்லை, வினைமுற்றிலும் இருக்கிறது.

எழுத்தும் வெறும் கருவியன்று. மிஷனெரிகள் ரோமன் எழுத்தில் சந்தாலியை அச்சிட்டார்கள். ரகுநாத் முர்மு 1925-ல் உருவாக்கிய ஓல் சிக்கி எழுத்து இன்று அவர்களுடைய தன்மானத்தின் அடையாளம். ரோமன் பாட்டுப் புத்தகத்தை மட்டும் கையில் வைத்திருந்தால், பள்ளிக்கூடத்தில் ஓல் சிக்கி படிக்கும் பிள்ளைக்குச் சபை அந்நிய இடமாகத் தெரியும்.

இனி, இரண்டு வருடத்துக்குள் நீங்கள் செய்துவிடக்கூடிய பெரிய தவறைச் சொல்கிறேன்: தூத்துக்குடியைச் சுவிசேஷத்தோடு சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு போவது. நம் பக்கத்துச் சபைகள் பலவற்றில் விசுவாசியான பெண் பொட்டு வைப்பதில்லை. அதே பழக்கத்தில் அங்கே சிந்தூரத்தை அழிக்கச் சொல்கிறார்கள். சந்தால் கல்யாணத்தில் மணப்பெண்ணைக் கூடையில் வைத்துத் தூக்குவார்கள், மாப்பிள்ளை நெற்றியில் சிந்தூரம் இடுவார். அந்தக் கணத்தில்தான் கல்யாணம் நிறைவேறுகிறது. அதை அழித்த பெண்ணை ஊர் ஒன்று விதவை என்று பார்க்கும், அல்லது ஓடிவந்தவள் என்று பார்க்கும். நாம் தாலியை என்ன செய்தோம்? கழற்றி எறியவில்லை, சிலுவையோ புறாவோ பதித்துக் கட்டிக்கொண்டோம். நம் பாட்டிமாருக்குக் கிடைத்த அந்த உரிமையை அவர்களுக்கு மறுக்க நாம் யார்?

இன்னொன்று சிறியது, ஆனால் சட்டென்று கதவை மூடிவிடும். மாமன் மகளைக் கட்டுவது நமக்குப் பெருமை. வட இந்தியாவின் பெரும்பகுதியில் மாமன் மகள் தங்கை. உங்கள் வீட்டுக் கல்யாணக் கதைகளை அங்கே பொதுவில் சொல்லாதீர்கள்.

வழி என்ன? ஹீபர்ட் நான்கு படிகள் சொன்னார்: பழைய வழக்கத்தைத் தீர்ப்பிடாமல் முழுதாகக் கேட்டறிவது, அந்தப் பொருளைப் பற்றி வேதத்தை ஆராய்வது, சபையாரே எடைபோட்டு முடிவு செய்வது, புது வடிவத்தை அமைப்பது. சாவுச் சடங்கை எடுத்துப் பாருங்கள். தகனத்துக்குப் பின் எலும்புத் துண்டுகளை எடுத்துவைத்துத் தாமோதர் நதியில் விடுவார்கள். பாண்டான் என்னும் கடைசி விருந்துவரை அந்த வீட்டின் தீட்டு முழுதாகப் போகாது. அதற்குப் பிறகே இறந்தவர் முன்னோரோடு சேர்கிறார். விருந்தில் பலி உண்டு, ஹண்டி என்னும் அரிசிக் கள் உண்டு, எல்லாக் கிளைகளிலிருந்தும் உறவினர் வருவார்கள்.

முதல் படியில் நான்கைந்து பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். யார் எதைச் செய்கிறார், எந்த வரிசையில், அதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பயம் எங்கே இருக்கிறது என்பது தெரியும். ஸ்க்ரெஃப்ஸ்ருட் என்ற நார்வே மிஷனெரி கோலியான் என்னும் முதிய குருவின் வாய்மொழியில் சந்தால் மரபுகளைக் கேட்டு எழுதி, 1887-ல் அவர்கள் மொழியிலேயே அச்சிட்டார். அவருக்குப் பின்வந்த பாடிங்கின் அகராதி ஐந்து தொகுதி. அந்த அளவு பொறுமை நம்மிடம் எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டாம் படியில் சாவு, உயிர்த்தெழுதல், பெற்றோரைக் கனம்பண்ணுதல், பலி நிறைவேறிவிட்டது ஆகியவற்றைச் சேர்த்துப் படியுங்கள்.

வழுக்குகிற இடம் மூன்றாவது படி. வேதத்தைப் படித்து முடித்ததும் ஊழியரே முடிவைச் சொல்லிவிடுகிறார்: "பாண்டான் வேண்டாம்." சபை தலையாட்டும். இருட்டியபின் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர் வீட்டில் பாண்டான் நடக்கும். அந்த முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும். பலியும் ஹண்டியும் போகட்டும், உறவுகூடி உண்ணும் விருந்தும் இறந்தவரைப் பேர்சொல்லி நினைப்பதும் இருக்கட்டும் என்று அவர்களே சொல்லக்கூடும். நீங்கள் நினைத்திராத ஒன்றைக் கடுமையாக விலக்கவும் கூடும். அதன் உட்பொருள் அவர்களுக்குத்தான் தெரியும். ஹண்டி வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை, அது எத்தனையோ குடும்பங்களை அழித்திருக்கிறது. ஆனால் பஞ்சாயத்து முடிவதும், சம்பந்தம் பேசுவதும், விருந்தாளியை வரவேற்பதும் அந்தக் குடத்தைச் சுற்றித்தான். அந்த இடத்தில் வேறெதை வைப்பது என்று யோசிக்காமல் குடத்தை மட்டும் உடைத்தால், விசுவாசி ஊர்ப் பேச்சிலிருந்தே வெளியேறிவிடுவார்.

புரிந்துகொள்வது எல்லாவற்றையும் ஏற்பதாகாது. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று நம் மண்ணை ஆழ்ந்து படித்தவர். ஆனால் சாதியை வெறும் சமூக வழக்கம் என்று எடுத்துக்கொண்டார். அதன் விலையை நம் கோயில்களும் கல்லறைத் தோட்டங்களும் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. சந்தால் ஊரில் அப்படி ஒப்பவே கூடாத ஒன்று, சூனியம் வைத்தவரைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஜான்குரு ஒரு பெண்ணை டாயன், அதாவது சூனியக்காரி, என்று சுட்டுவது. பல நேரம் அவள் நிலம் உள்ள விதவையாக இருப்பாள். அடியும் ஊர்விலக்கும் கொலையும்கூட அதைத் தொடரும். இதைத் தடுக்க ஜார்க்கண்டில் 2001 முதல் தனிச் சட்டம் உண்டு. அப்படி ஒரு பேச்சு எழுந்த அன்றே ஊர்த்தலைவரான மாஞ்ஜியிடமும், தேவைப்பட்டால் போலீசிடமும் போங்கள். 'நடுத்தளக்' கேள்விக்குச் சபை பதில் தேடாவிட்டால் 'யார் செய்தது' என்ற கேள்வி கடைசியில் ஏதோ ஒரு கிழவியின் வாசலில் போய் நிற்கும். என் கவலையெல்லாம் அதுதான்.

போகுமுன், மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் ஜார்க்கண்ட் மத சுதந்திரச் சட்டத்தையும் 1949-ஆம் ஆண்டின் சந்தால் பர்கானா குடிவாரச் சட்டத்தையும் ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து வாசித்துவிடுங்கள். ஜெபவீட்டுக்கு நிலம் வாங்கலாம் என்று சபையில் யாராவது பேசினால் இரண்டாவது சட்டம் உடனே குறுக்கே வரும். அது திக்குகளிடமிருந்து நிலத்தைக் காக்கப் போட்ட வேலி. அதைச் சுற்றிப் போக வழி தேடாதீர்கள்.

முதல் ஆறு மாதம் கூட்டங்களைக் குறைத்துக்கொண்டு ஒரு நோட்டில் முப்பது வீடுகளின் உறவுமுறையை வரையுங்கள். யார் எந்தக் குலம், ஹான்ஸ்தாவா, முர்முவா, சோரனா, டுடுவா. யார் யாரை என்ன முறை சொல்லி அழைக்கிறார். யாரோடு கேலி பேசலாம், யார் பேரைச் சொல்லக்கூடாது? உங்களுக்கும் ஒரு முறைவைத்து அழைக்கத் தொடங்கும் நாளில் நீங்கள் திக்கு என்பது கொஞ்சம் குறையும். காய்ச்சல் கண்ட அந்தக் குடும்பத்தைக் கண்டிக்காதீர்கள். ஓஜா என்ன சொன்னார் என்று மட்டும் கேளுங்கள்.

நீங்கள் ஜூனில் போய் இறங்கும்போது முதல் மழை விழுந்திருக்கும். விதைப்புக்கு முன் எரோக் சிம் வரும். சிம் என்றால் கோழி. ஊருக்காக ஜாஹேரில் நாயகே என்னும் பூசாரி அறுப்பார், வீட்டுக்கு வீடு பங்கு கேட்பார்கள். விசுவாசக் குடும்பங்கள் கோழி தருவார்களா, காசாகத் தருவார்களா, தராமல் ஏச்சு வாங்குவார்களா என்பதை உங்களுக்கு முன்பே ஏதோ ஒரு விதமாகத் தீர்த்து வைத்திருப்பார்கள். எப்படித் தீர்த்தார்கள், யார் பேசி முடித்தார், யாருக்கு இன்னும் மனம் ஆறவில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த வருட மழைக்கு அதைப் பற்றி உங்கள் கருத்து வேண்டாம்.

அன்புடன்.