கை உடைந்த நான்காவது சிலை யார்?

வணக்கம். இங்கிலாந்தில் நீங்கள் வாங்கிய பழைய வீட்டுத் தோட்டத்தில் நான்கு பெண் சிலைகள்: பூக்கூடையோடு ஒருத்தி, கதிர்க்கட்டோடு ஒருத்தி, திராட்சைக் குலையோடு ஒருத்தி. கை உடைந்து, முக்காடு போட்ட நான்காமவள் யாரென்று கேட்டிருக்கிறீர்கள். அவள் குளிர்காலம்தான். மற்ற மூவரும் வசந்தம், கோடை, இலையுதிர்காலம். குளிர்காலத்தைப் போர்த்திய உருவமாகக் காட்டுவது ஐரோப்பியச் சிற்பிகளின் நெடுநாள் வழக்கம். பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் சிற்பி ழிரார்தோன் செதுக்கிய குளிர்காலம் ஒரு முதியவர். பக்கத்தில் கணப்புச் சட்டி எரியும். உங்கள் சிலையின் காலடியிலும் தீச்சுவாலை தெரிகிறதா பாருங்கள்.

புதுக் கை செய்து ஒட்ட அவசரப்பட வேண்டாம். முதலில் பீடத்தைச் சுற்றி மண்ணை மெதுவாகக் கிளறுங்கள், உடைந்த துண்டு அங்கேயே புதைந்திருக்கலாம். இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரின் சாந்தா திரினிதா பாலத்தை 1944இல் ஜெர்மன் படை தகர்த்தபோது அதிலிருந்த நான்கு பருவச் சிலைகளும் சிதறின. வசந்தத்தின் தலை 1961இல்தான் ஆற்றுக்குள்ளிருந்து கிடைத்தது!

ஆசிட் ஊற்றி, பிரஷர் வாஷரால் கழுவப்போவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். பளிங்கையும் சுண்ணாம்புக்கல்லையும் அமிலம் அரித்துவிடும். வேகமான நீர் முகத்தின் நுண்வேலைப்பாட்டையே உரித்துவிடும். வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ், பாசிக்கு மரக்குச்சி, இவை போதும். உறைபனி மாதங்களில் இதைச் செய்யாதீர்கள். விரிசலில் தங்கிய நீர் உறைந்தால் கல் பிளக்கும்.

அடிப்பகுதியில் 'கோட்' (Coade) என்ற முத்திரை இருந்தால் அது கல்லே அல்ல, லண்டனில் 1769 முதல் எலினார் கோட் நடத்திய பட்டறையின் சுட்ட மண். அப்படியானால் எதையும் தொடாமல் சிற்பப் பாதுகாப்பாளர் ஒருவரை அழையுங்கள்.