லீக் டென்னிஸ்: 3.0 போடுவதா, 3.5 போடுவதா?

அமெரிக்காவில் யுஎஸ்டிஏ (அமெரிக்க டென்னிஸ் சங்கம்) லீக்கில் முதல்முறை சேரப் போகிறவர்கள் கேட்டவை இவை. ஆட்டத் திறமையை எண்ணில் சொல்லும் என்டிஆர்பி ரேட்டிங் அரை அரையாக ஏறி 7.0 வரை போகும். லீக்கில் நாம் பார்க்கிற பெரும்பாலோர் 3.0, 3.5, 4.0-க்குள் அடங்கிவிடுவார்கள். புதிதாக வருபவர் ஒரு கேள்வித்தாளை நிரப்பி, தன் ரேட்டிங்கைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

வாரம் மூன்று நாள் ஆடுகிறேன். கூட ஆடுபவர்கள் "உன் ஃபோர்ஹேண்டுக்கு 4.0 தாராளமாகப் போடலாம்" என்கிறார்கள். போடலாமா?

ஃபோர்ஹேண்டை விடுங்கள், அது எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் செகண்ட் சர்வ் எப்படி? 30-40, முதல் சர்வ் நெட்டில். இப்போது பந்தை மெதுவாகத் தட்டி உள்ளே போட்டால் போதும் என்று நினைப்பீர்களா? 3.0 ஆட்டத்தில் அது செல்லும், எதிராளி திருப்பி அனுப்புவதோடு சரி. 4.0 ஆட்டக்காரர் இரண்டடி முன்னால் வந்து நிற்பார், அடுத்த பந்து உங்கள் பேக்ஹேண்ட் மூலையில் இருக்கும்.

அந்த பேக்ஹேண்டையும் பாருங்கள். 3.0-இல் நடுத்தர வேகப் பந்து திரும்பிப் போகும், ஆனால் நினைத்த இடத்துக்குப் போகாது. 3.5-இல் திசை வந்துவிடும், ஆழம் வராது. பந்து பாதிக் கோர்ட்டிலேயே விழும், ஆனால் நெட்டுக்குத் துணிந்து ஏற ஆரம்பித்திருப்பார். 4.0-இல் இரண்டு பக்கமும் திசை, ஆழம் இரண்டும் உண்டு. லாப் (எதிராளி தலைக்கு மேலே தூக்கிப் போடுவது), வாலி (தரையில் படும் முன் அடிப்பது), ஓவர்ஹெட் (தலைக்கு மேலிருந்து அடிப்பது) எல்லாம் ஓரளவு கைகொடுக்கும். அவர் பாயிண்டை விடுவது பெரும்பாலும் பொறுமை இல்லாமல்தான்.

இதைப் படித்த பிறகும் 4.0 என்று தோன்றினால் போடுங்கள். எனக்கென்னவோ 3.5 என்றுதான் படுகிறது.

காலேஜ் டீமில் ஷட்டில் ஆடியவன். டென்னிஸ் தொட்டு ஆறு மாதம். 2.5 சரியா, அண்ணா?

3.0 போடுங்க தம்பி. நெட்டில் உங்கள் கை வேகத்துக்கு 2.5-இல் யாரும் ஈடுகொடுக்க முடியாது. பேஸ்லைனில் மணிக்கட்டைச் சுழற்றி அடித்துப் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் பழக்கம் கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் போய்விடும். இரண்டு லெவலுக்கு நடுவே சந்தேகம் வந்தால் மேலே இருப்பதைப் போடுவதே நல்லது.

ஊரில் ஜூனியர் போட்டிகள் நிறைய ஆடியிருக்கிறேன். கேப்டன் "அதையெல்லாம் எழுதாதே, 3.0 என்று போடு, கப் நமக்குத்தான்" என்கிறார்.

கேப்டனுக்குக் கப், உங்களுக்குத் தகுதி நீக்கம். தானே ரேட்டிங் போட்டவரின் ஸ்கோரை கணினி சீசன் முழுக்கக் கவனிக்கும். உங்கள் லெவலுக்கு வைத்த வரம்பை மூன்று முறை தாண்டினால் அந்த லெவலிலிருந்து தூக்கிவிடுவார்கள். உங்கள் ஏரியா விதிப்படி, நீங்கள் வென்ற ஆட்டங்களும் டீமின் கையை விட்டுப் போகலாம். அப்போது கேப்டன் யார் மேல் கோபப்படுவார் என்று நினைக்கிறீர்கள்? கேள்வித்தாளில் பழைய ஆட்ட விவரங்களை மறைக்காமல் எழுதுங்கள். ஆடியது எந்த நாட்டில் என்றாலும் ஆட்டம் ஆட்டம்தான்.

சீசனில் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். வருடக் கடைசியில் பார்த்தால் 3.0-இலிருந்து 3.5 ஆக்கியிருக்கிறார்கள். தப்பாகப் போட்டுவிட்டார்களா?

இல்லை. கணினி வெற்றி தோல்வியை மட்டும் பார்ப்பதில்லை. உங்களுக்கும் எதிராளிக்கும் உள்ள இடைவெளிக்கு ஸ்கோர் எப்படி வந்திருக்க வேண்டும், எப்படி வந்தது என்று பார்க்கும். 1-6, 1-6 என்று எதிர்பார்த்த இடத்தில் 4-6, 5-7 என்று தோற்றால் ரேட்டிங் ஏறும். சோப்ளாங்கி ஆளிடம் 7-6, 7-6 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்தால் இறங்கும். உள்ளே நூறில் ஒரு பங்கு வரை கணக்கு ஓடுகிறது. வெளியே 3.5 என்று காட்டினால் உள்ளே 3.01 முதல் 3.50 வரை எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் அனேகமாக 3.01 பக்கம்தான் இருப்பீர்கள். அடுத்த சீசன் கொஞ்சம் அடிவாங்கத் தயாராக இருங்கள்.

நான் 4.0, மனைவி 3.0. மிக்ஸட் டபுள்ஸ் ஆடலாமா?

7.0 மிக்ஸடில் தாராளமாக ஆடலாம். இருவர் ரேட்டிங்கையும் கூட்டித்தான் அந்த 7.0. இருவருக்கும் இடையே ஒரு புள்ளிக்கு மேல் வித்தியாசம் கூடாது, நீங்கள் சரியாக விளிம்பில் நிற்கிறீர்கள். எதிராளிகள் எல்லாப் பந்தையும் மனைவி பக்கமே அனுப்புவார்கள். நடுவில் பாய்ந்து அவர் பந்தையெல்லாம் நீங்களே அடிக்காதீர்கள்.

3.0 டீம் எதிலும் இடம் இல்லை. 3.5 டீமில் கூப்பிடுகிறார்கள். ரேட்டிங்கை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். 3.0-ஐ வைத்துக்கொண்டே 3.5 டீமில் ஆடலாம். கீழ் லெவலில் இறங்கி ஆடத்தான் தடை. சேருவதற்கு முன்னால் கேப்டனிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: "சீசனில் எனக்கு எத்தனை மேட்ச் தருவீர்கள்?"