கோழிக்கு எந்த வைன்? வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் லியோன் நகரில் ஓர் உணவகத்தின் சமையற்காரர்)

கேள்வி: மகள் விரும்பியிருக்கும் பையன் பிரெஞ்சுக்காரர். அவருடைய அம்மாவும் அப்பாவும் அடுத்த மாதம் கிழக்கு பிரான்ஸின் ஜுராவில் இருந்து முதன்முறையாக வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். கோழிக்கறி வைக்கலாம் என்றிருக்கிறேன். தங்கள் ஊர் மஞ்சள் வைனான வன் ஜோன் ஒரு போத்தல் கொண்டு வருவார்களாம். எங்கள் வீட்டில் வைன் பழக்கமில்லை. நம்முடைய கறிக்கு அது ஒத்துவருமா?
வாசகி, லா கூர்னெவ்

பதில்: தாராளமாக ஒத்துவரும், அக்கா. என்னைக் கேட்டால் நம் கோழிக்கறிக்கு இதைவிடப் பொருத்தமான வைன் பிரான்ஸில் இல்லை என்றே சொல்வேன்.

சவானியன் என்ற வெள்ளைத் திராட்சையில் இதைச் செய்கிறார்கள். மற்ற வைன்கள் பீப்பாயில் இருக்கும்போது ஆவியாகிக் குறைந்ததை அவ்வப்போது நிரப்பிவிடுவார்கள். இதை நிரப்புவதில்லை. அதனால் மேற்பரப்பில் ஈஸ்ட் மெல்லிய ஆடைபோலப் படர்கிறது. அதற்கடியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து, அறுவடைக்குப் பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் விற்பனைக்கு வரும். போத்தல் குட்டையாக, தோள் அகன்று இருக்கும். பிடிப்பது 62 சென்டிலீற்றர்தான். ஒரு லீற்றர் வைனில் அத்தனை காலத்துக்குப் பிறகு மிஞ்சுவது அவ்வளவுதான் என்று ஜுராக்காரர்கள் சொல்வார்கள்.

அந்த ஆடைக்கடியில் சொட்டொலோன் என்ற வாசனைப் பொருள் உண்டாகிறது. நம் வெந்தயத்துக்கு அந்த மணத்தைத் தருவதும் இதே பொருள்தான். நீங்கள் குடிக்க வேண்டாம், கிளாஸை மூக்கருகே மட்டும் கொண்டுபோய்ப் பாருங்கள். முதலில் வால்நட் மணக்கும். பின்னாலேயே வறுத்த வெந்தயம் வரும். ஜுராவில் இந்த வைனைக் கோழியோடும் மொரீல் காளானோடும் கிரீமோடும் சேர்த்துச் சமைப்பார்கள், விசேஷ நாள் சாப்பாடு அது. அவர்கள் கிரீம் ஊற்றும் இடத்தில் நீங்கள் தேங்காய்ப்பால் ஊற்றப்போகிறீர்கள், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது உறைப்பை. இந்த வைனில் ஆல்கஹால் 14 சதவீதம் அளவில் இருக்கும். மிளகாயின் எரிவை ஆல்கஹால் இன்னும் கூட்டிவிடும். ஆகவே மிளகாய்த்தூளை வழக்கத்தில் பாதியாக்குங்கள். வெந்தயம், பெருஞ்சீரகம், கறுவா எதையும் குறைக்காதீர்கள். முதற்பால் கொஞ்சம் கூடவே விடலாம். இறக்கும்போது தேசிக்காய்ப்புளி வேண்டாம், வைனிலேயே நல்ல புளிப்பு இருக்கிறது. போத்தலை பிரிட்ஜில் வைக்காதீர்கள், 15 பாகை போதும். அவர்கள் வந்தவுடனேயே திறக்கச் சொல்லுங்கள், காற்றுப்பட்டால்தான் மணம் விரியும். மிச்சமிருந்தால் மூடி வையுங்கள், வாரக்கணக்கில் கெடாது. உங்களுக்குத் தண்ணீர் கிளாஸே போதும், சம்பந்திகள் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

கேள்வி: கொக் ஓ வன் (வைனில் வேகவைத்த சேவல்) சமைக்க மலிவான வைன் போதுமா? விலை கூடிய பூர்கோன் வைன்தான் ஊற்ற வேண்டுமா?
வாசகர், மார்செய்

பதில்: இரண்டும் வேண்டாம். வைன் சட்டியில் பாதியாக வற்றும்போது அதிலுள்ள புளிப்பும் துவர்ப்பும் தடித்துவிடும். குடிக்க முடியாத வைனை ஊற்றினால் குழம்பையும் சாப்பிட முடியாது. விலை கூடிய பழைய வைனின் நுட்பமான மணமோ ஆவியோடு போய்விடும், காசுதான் வீண். துவர்ப்புக் குறைந்த பினோ நுவார் அல்லது கமே, நீங்கள் சாதாரண நாளில் விரும்பிக் குடிக்கும் தரத்தில் வாங்குங்கள். மேசையில் வைக்க அதே திராட்சையில் ஒரு படி நல்லதாக இன்னொரு போத்தல்.

அப்புறம், வைனைவிடக் கோழியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. முற்றிய சேவலுக்கென்று வந்த சமையல் இது. இரவு முழுக்க வைனில் ஊறி, மணிக்கணக்கில் மெல்லிய தீயில் வேகும். சுப்பர்மார்க்கெட் இளங்கோழியை அப்படி வேகவிட்டால் எலும்பு வேறு சதை வேறாகப் போகும். சேவல் கிடைக்காவிட்டால் கால் துண்டுகளை மட்டும் வாங்குங்கள், முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிடுங்கள். குழம்பு தண்ணீராக இருந்தால் துண்டுகளை வெளியே எடுத்துவிட்டுக் குழம்பைத் தனியே வற்றவிடுங்கள்.

கேள்வி: வெள்ளை இறைச்சிக்கு வெள்ளை வைன் என்று கடைக்காரர் சொல்கிறார். சரிதானா?
வாசகர், பாரிஸ்

பதில்: கோழிச் சதைக்கு அதிக ருசி கிடையாது. அதோடு என்ன சேர்த்தோம், எப்படிச் சமைத்தோம் என்பதைப் பார்த்துத்தான் நான் வைன் எடுப்பேன். ஓவனில் வைத்துத் தோல் நன்றாகச் சிவந்த கோழிக்கு போஜொலே சிவப்பு, அதிலும் ஃப்ளூரி அல்லது புரூயி. குடிப்பதற்கு அரைமணி முன்பு பிரிட்ஜில் வையுங்கள். கிரீம் சேர்த்த கோழிக்கு சார்தொனே வெள்ளை.

ப்ரெஸ் என்ற பகுதியில் வளரும் கோழி கையில் கிடைத்தால் மட்டும் கடைக்காரர் சொல்வதைக் கேட்பேன். வெள்ளை இறகு, நீலக் கால், சிவப்புக் கொண்டை. 1957இல் இருந்து அதன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு கோழிக்கு 10 சதுர மீற்றராவது புல்வெளி விடவேண்டும். அதற்கு உப்பும் பட்டரும் தவிர எதுவும் போடாதீர்கள், பூண்டுகூட வேண்டாம். கிளாஸில் சோன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாக்கோன் வெள்ளை வைன்.

கேள்வி: வாத்துக்கு?
வாசகி, துலூஸ்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. தன் கொழுப்பிலேயே மெதுவாக வேகும் கொன்ஃபிக்கு மாதிரான் அல்லது கஓர். வாத்தின் கொழுப்பு நாக்கில் படிந்துவிடும், அந்த வைன்களின் கடும் துவர்ப்புத்தான் அதை வழித்தெடுக்கும். தோடம்பழக் குழம்போடு செய்தால் வேறு கதை: அந்த இனிப்புக்கு அல்சாஸ் பினோ கிரி வாங்குங்கள்.