திங்கட்கிழமை மட்டும் கிளம்ப மறுக்கும் எஸ்யூவி

மலேசியாவின் பிறை நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எங்களுடையது 2016ஆம் ஆண்டு வாங்கிய ஏழு இருக்கை பெட்ரோல் எஸ்யூவி. 14 மாதங்களில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்ற ஓசைதான் வருகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள் பட்டறையில். பினாங்குப் பாலத்தின் நெரிசலில் நிற்கும்போது ஏர்கான் குளிர்வதில்லை, வெப்பமுள்ளும் மேலே ஏறுகிறது. வேகமாகப் போகையில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணமா?”

ஒரே காரணம் அன்று. ஆல்டர்னேட்டருக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள ‘திங்கட்கிழமை’ என்ற ஒரு சொல்லே அதற்குப் போதிய காரணம். ஆல்டர்னேட்டர் பழுதாகியிருந்தால் அது கிழமை பார்க்காது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியும், புதன்கிழமை மாலையிலும் கார் நின்றுவிடும். வெள்ளி மாலை நிறுத்திய வண்டி திங்கள் காலையில் மட்டும் கிளம்பவில்லை என்றால், நிற்கும் நேரத்தில் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பூட்டி நிறுத்திய காரில் கடிகாரம், அலாரம் போன்றவற்றுக்காக 0.05 ஆம்பியர் வரை செலவாவது இயல்பு. வாங்கிய பின் நீங்கள் பொருத்திய கருவிகள் எவை என்று எழுதவில்லை. என் அனுபவத்தில் பெரும்பாலும் குற்றவாளி, நிறுத்தி வைத்திருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம்தான். அது 0.3 ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வெள்ளி மாலை 7 மணி முதல் திங்கள் காலை 6 மணி வரை 59 மணி நேரம். ஏறத்தாழ 18 ஆம்பியர்-மணி போய்விடும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. வாரந்தோறும் இப்படி வற்றி வற்றி ஏறும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடுவதால், புதிய பேட்டரியும் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும். நம் ஊர் வெயில் ஏற்கனவே அதன் ஆயுளைக் குறைக்கிறது.

வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, கதவுகளைப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருங்கள். அப்போதுதான் காரின் கணினிகள் எல்லாம் உறங்கும். பிறகு ஃபியூஸ்களைக் கழற்றாமலே சோதிக்கலாம். ஒவ்வொரு ஃபியூஸின் மேற்புறத்திலும் ஊசிமுனை அளவில் இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அவற்றைத் தொட்டால், மின்சாரம் ஓடாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். எது எண் காட்டுகிறதோ, அந்த இணைப்பைப் பின்தொடருங்கள். ஒருமுறை நானே ஒரு வாடிக்கையாளரின் ஆல்டர்னேட்டரை மாற்றி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. முன்னிருக்கைக்கு எதிரே உள்ள பெட்டிக்குள் இருந்த சிறு விளக்கு, மூடியைச் சாத்திய பிறகும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஆல்டர்னேட்டர் நலமா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பல மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது, 12.0 என்றால் ஏறத்தாழ வற்றிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். விளக்கு, ஏர்கான் எல்லாவற்றையும் போட்ட பின்னும் 13.5க்குக் கீழே தங்கிவிடக் கூடாது. கணினி கட்டுப்படுத்தும் புதிய ரக ஆல்டர்னேட்டர்கள் சில நேரம் வேண்டுமென்றே வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், ஒரே ஓர் எண்ணைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் பேட்டரியின் மைனஸை வண்டியின் உலோகத்தோடு இணைக்கும் எர்த் கேபிளில் துரு இருக்கலாம்; கடலோரக் காற்றுக்கு இது புதிதன்று. சுத்தம் செய்யும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். மோதிரத்தையும் வளையலையும் அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

பாலத்து நெரிசல் தனிக் கதை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றால் மின்விசிறி மட்டுமே துணை. நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓட்டினால் இறங்குகிறது என்றால் குளிர்நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டேட்டையோ தண்ணீர்ப் பம்ப்பையோ குறை சொல்வதற்கு முன் விசிறியைப் பாருங்கள். அதே விசிறிதான், ஏர்கானின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சரையும் குளிர்விக்கிறது என்பதால், உங்கள் இரண்டு குறைகளுக்கும் இது ஒன்றே காரணமாக இருக்கக்கூடும். எஞ்சினை ஓடவிட்டு ஏர்கானைப் போட்டதும் விசிறி சற்று நேரத்தில் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (விசிறிக்கு மின்சாரம் தரும் தானியங்கி சுவிட்ச்), மோட்டார் என்ற வரிசையில் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு வேக விசிறியில் குறைந்த வேகம் மட்டும் வேலை செய்யாவிட்டால், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கலாம். அதுவரை, முள் ஏறும்போது ஏர்கானை அணைத்துவிடுங்கள். ஹீட்டரைப் போடச் சொல்லும் வெளிநாட்டு அறிவுரை இங்கே எல்லாருக்கும் உதவாது. நம் நாட்டில் விற்கும் சில கார்களில் ஹீட்டரே கிடையாது. முள் சிவப்பைத் தொட்டால் இடப்பக்கம் ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுக்கம் என்றால் முன்சக்கர பிரேக் டிஸ்க்கின் (பிரேக் பிடிக்கும் உலோகத் தட்டு) தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். மிதிக்காமலே 90 கிலோமீட்டர் வேகத்தில் நடுங்கினால் சக்கரத்தின் பேலன்சிங் (எடைச் சமன்) பாருங்கள். டிஸ்க்கைக் கடைய முடியுமா, மாற்ற வேண்டுமா என்பதை, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை வைத்து முடிவு செய்யச் சொல்லுங்கள். சக்கர நட்டுகளைக் காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர்கன்னால் மட்டும் முடுக்கி அனுப்பினால், புது டிஸ்க்கிலும் அதே நடுக்கம் திரும்பலாம். கடைசி முடுக்கு, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ஸ்பேனரால்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.