தடித்த எழுத்து தலைப்பாகாது

கேள்வி: எங்கள் கோயில் சங்கத்தின் இணையப் பக்கத்தில் தைப்பூசக் காவடி நிகழ்ச்சி நிரலை வெளியிட்டு, தலைப்புகளையெல்லாம் பெரிய எழுத்தில் தடித்து, மஞ்சள் நிறத்தில் அமைத்திருக்கிறோம். ஆயினும் பார்வையற்ற அன்பர் ஒருவர், ஏழு கறி விருந்து எத்தனை மணிக்கு என்று அறியப் பக்கம் முழுவதையும் கேட்க வேண்டியிருப்பதாகவும், அதில் தலைப்பே இல்லை என்றும் குறைப்படுகிறார். இது எப்படி?
- வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: அன்பர் சொல்வது சரியே. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் எழுத்தின் பருமனையோ நிறத்தையோ வைத்துத் தலைப்பை அடையாளம் காண்பதில்லை, இணையப் பக்கத்தின் அமைப்பைக் குறிக்கும் எச்.டி.எம்.எல். குறியீட்டில் எச்1 முதல் எச்6 வரையுள்ள ஆறு நிலைகளில் ஒன்றாக அது குறிக்கப்பட்டிருக்கிறதா என்றே பார்க்கிறது. சாதாரணப் பத்திக்கு நீங்கள் வண்ணம் பூசியிருப்பதால், அவருக்கு அது மற்றுமொரு வரியாகவே ஒலிக்கும். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர், எச் விசையைத் தட்டி அடுத்த தலைப்புக்கும், 2 என்ற விசையைத் தட்டி அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்கும் தாவலாம்; இன்செர்ட், எஃப்7 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தித் தலைப்புகளைப் பட்டியலாகவே வரவழைக்கலாம். உங்கள் பக்கத்தில் அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்கும்.

இதைக் கூடுதல் வசதி என்று ஒத்திப்போடவும் முடியாது. மாற்றுத்திறனாளிகளும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த வழிசெய்யும், 2008இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறை 2.0இன் 1.3.1ஆம் விதி, கண்ணுக்குத் தெரியும் அமைப்பை மென்பொருளும் அறியும்படி செய்ய வேண்டும் என்பதை, தவிர்க்கக் கூடாத அடிப்படையான 'ஏ' நிலையிலேயே வைத்திருக்கிறது.

'தைப்பூசக் காவடி விழா' என்பதை எச்1 ஆக்குங்கள். 'விரத நாட்கள்', 'காவடி நாள்', 'ஏழு கறி விருந்து' ஆகியவை எச்2 ஆகட்டும். காவடி நாளுக்குள் வரும் 'பால்குடம்', 'காவடிப் புறப்பாடு', 'வாகன நிறுத்தம்' ஆகியவை எச்3. 'முக்கிய அறிவிப்பு' என்று பொதுப்படையாக எழுதினால், பட்டியலில் அதை மட்டும் கேட்பவருக்கு எதுவும் விளங்காது. உங்கள் பக்கத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்திருக்குமானால், அந்தந்தப் பகுதியின் மொழியையும் குறியீட்டில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்த் தலைப்பைப் பிரெஞ்சுக் குரல் படிக்கத் திணறும். அச்சிட்ட அழைப்பிதழைப் படமாக எடுத்து ஒட்டும் வழக்கம் நம் சங்கங்களில் மிகுதி. அதிலுள்ள தலைப்புகளைத் திரைவாசிப்பான் தலைப்புகளாக அறியாது. அழைப்பிதழை எழுத்தாகவே தட்டச்சு செய்து போடுவதுதான் முறை.

கேள்வி: எச்2 எழுத்து மிகப் பெரிதாகத் தெரிகிறது. அழகு கருதி எச்4ஐப் பயன்படுத்தலாமா?
- வாசகி, போர்ட் லூயிஸ்

பதில்: வேண்டாம். எச்1ஐ அடுத்து 'நிலை 4' என்று கேட்பவர், நடுவில் இரண்டு நிலைகளைத் தவறவிட்டோமோ என்று பின்னோக்கிப் போய்த் தேடுவார். நிலை தாவுவதை நெறிமுறை திட்டவட்டமாகத் தடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அழகுக்காக அப்படிச் செய்வது கேட்பவரை வீணாக அலைக்கழிப்பதாகும். எழுத்தின் அளவைக் குறைக்க, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். இருக்கிறது, எச்2ஐ எச்2ஆகவே வைத்து, அளவை அங்கே மாற்றுங்கள். எச்3 முடிந்து புதிய பகுதி தொடங்கும்போது எச்2க்குத் திரும்புவது தவறன்று. சிலர் அதையும் தாவல் என்று எண்ணி வீணே அஞ்சுகிறார்கள். இடைவெளிக்காகத் தலைப்பு வடிவிலேயே வெற்று வரிகளை விடுவதையும் தவிர்த்துவிடுங்கள். சில திரைவாசிப்பான்கள் அவற்றையும் தலைப்பு என்றே அறிவிக்கும்.